சோடா நடை

அந்த நாற்காலி வேணாம் தம்பி. இப்படி வாங்க, சுவத்து ஓரமா உக்காருங்க. அதுல போட்டோ எடுக்கிற கூட்டம் வந்துக்கிட்டே இருக்கும், எழுந்திருங்க எழுந்திருங்கன்னு உயிரை எடுப்பாங்க. தனியாத்தானே வந்திருக்கீங்க? சேலமா? சேலத்துல இருந்து இந்த பாரைப் பாக்குறதுக்கா பாண்டிச்சேரி வந்தீங்க? சரிதான். ஒரு குவாட்டர் சொல்லுவோமா, ஆளுக்குப் பாதி? கட்டிங் போட்டுக்கலாம். நான் பாதிக்கு மேல தொடமாட்டேன். இருபது வருஷமா அதான் என் அளவு. தனி ஆளா வந்தா முழு குவாட்டரையும் வச்சுக்கிட்டு என்ன பண்றது? அதனால தினமும் இந்த வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், தனியா யாராவது வராங்களான்னு. பதினோரு மாசமா இதான் என் பொழைப்பு.

பாவாடை! ஒரு குவாட்டர், ரெண்டு கிளாஸ், ரெண்டு சோடா, மாங்காய்.

சிரிக்காதீங்க. அவரு பேரு பாவாடைதான். எங்க பக்கம் ஆம்பளைக்கு வைக்கிற சாமி பேரு. இருபத்தஞ்சு வருஷமா இங்க சப்ளையர். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்ன மனுசனுக்கு இப்ப சீரியல் பேரை அடிச்ச பனியனை மாட்டி விட்டிருக்கான் முதலாளி. முன்னாடி இது விநாயகம் பார். முத்தியால்பேட்டையில விநாயகம் பார்னா நாலு தெரு ஆளுங்களுக்குத்தான் தெரியும். இப்ப போர்டைப் பாத்தீங்கல்ல? 'நாலாம் நம்பர் டேபிள்'. சீரியல் பேரையே வச்சுட்டான். டேபிளுக்குப் பித்தளைத் தகடு வேற அடிச்சிருக்கான்.

மணி என்ன? ஆறு அஞ்சா? சரி.

என் பேரு தணிகாசலம். கரண்ட் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தவன். வீடு வீடா ஏறி இறங்கினவன் தம்பி. ஒரு வீட்டு வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னா உள்ள புருஷன் பொண்டாட்டி எப்படி இருக்காங்கன்னு சொல்லிடுவேன். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. அப்படிப்பட்டவனை அந்த சீரியல்ல சேக்கலை. நீங்களே சொல்லுங்க, எல்லா வாரமும் பாத்திருக்கீங்கல்ல? கல்லாவுல உக்காந்து காது குடையுற முதலாளி, அது எங்க கமலக்கண்ணன். தப்புத் தப்பா ஆர்டர் எடுக்கிற சப்ளையர், அது பாவாடை. எல்லாரும் இருக்காங்க. நான் எங்க? இந்தக் கதைக்கே நான்தான் ஆணிவேர்.

யாரு, அதுல வர்ற ரேடியோவா? வாயை மூடாம பேசுவானே, அவன் வந்தா பக்கத்து டேபிள் ஆளுங்க கிளாஸைத் தூக்கிக்கிட்டு இடம் மாறுவாங்களே, அந்த ஆளா? அது நான் இல்லைங்க. அது மூணாம் நம்பர்ல உக்காருவாரு ஒருத்தரு, பழைய ரயில்வே. எல்லாரும் என்னைத்தான் இப்ப ரேடியோன்னு கூப்பிடுறாங்க, அது வேற விஷயம். என் குரல் கொஞ்சம் எடுப்பா இருக்கும், அதுக்காகச் சொல்றது. டி.வி. ஆபீசுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன், இந்த மாதிரி முக்கியமான ஒரு ஆளை விட்டுட்டீங்களேன்னு. பதிலே இல்லை.

என்ன தம்பி, அந்தப் பக்கம் பாக்குறீங்க? இருங்க, இன்னும் ஊத்தவே இல்லை.

சரிபாதியா ஊத்துறது எனக்கு வராது. இருதயராஜ்தான் ஊத்துவான். ஆமா, அவன்தான். நீங்க யாரைப் பாக்க வந்தீங்களோ அவன்தான். 'சோடா சூசை'ன்னு டி.வி.ல காட்டினாங்களே, எங்க இருதயராஜ். பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். ரெண்டு கிளாஸையும் ஒட்டி வச்சு, குனிஞ்சு, கண்ணை கிளாஸ் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஊத்துவான். ஒரு சொட்டு கூடக் குறைய இருக்காது. சரியா ஆறு பத்துக்கு அந்த வாசல்ல அவன் செருப்புச் சத்தம் கேக்கும். பதினாலு வருஷம் நானும் அவனும் கட்டிங். ஒரு நாள் தப்பினது கிடையாது, பெரிய வெள்ளிக்கிழமை மட்டும்தான் வரமாட்டான்.

போன்ல வீடியோவா எடுக்குறீங்க? எடுங்க எடுங்க. என் முகம் தெரியுற மாதிரி எடுங்க.

அவனுக்கு ஒரே பையன் தம்பி. சேவியர். இருபத்து மூணு வயசுல ஈ.சி.ஆர். ரோட்டுல பைக்குல போய் லாரிக்குக் கீழ விழுந்துட்டான். பைக்கு வாங்கிக் குடுத்தது இருதயராஜ்தான். பிலோமி, அவன் சம்சாரம், வேணாம் வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிச்சு. பையனை எடுத்துட்டு வந்தப்போ அவ்வளவு ஜனம், அந்தம்மா இவனை ஒரு வார்த்தை கேக்கலை. ஏன்யா வாங்கிக் குடுத்தேன்னு கேக்கலை. அழுதுச்சு, அதோட சரி. அதுக்கப்புறம் பேச்சே இல்லை. சோறு போடும், துணி துவைக்கும், கோயிலுக்கு ரெண்டு பேரும் சேந்தே போவாங்க. வாயைத் திறக்காது. ஒரு வருஷம் தம்பி. இவன் இங்க வந்து உக்காந்து சொல்லுவான், 'வீட்டுல சுவத்துக் கடிகாரம்தாண்டா பேசுது'ன்னு.

அப்புறம் ஒரு நாள், பையனோட முதல் வருஷ நினைவு நாள், நல்லா குடிச்சுட்டான். என் பாதி அவன் பாதி எல்லாத்தையும் குடிச்சு, மேல ஒரு குவாட்டரும் வாங்கினான். நான்தான் வீட்டு முனை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் வந்து உக்காந்தான் பாருங்க, முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். 'டேய் தணிகாசலம், நேத்து பிலோமி என்னைத் திட்டினாடா'ன்னான். வாசல்ல விழுந்து கிடந்திருக்கான். அந்தம்மா தலையில தண்ணியை ஊத்தி, எலுமிச்சம்பழம் தேச்சு, ரெண்டு மணி நேரம் திட்டியிருக்கு. பைக்கு, பையன், கல்யாணத்துக்குப் போடாத நகை, மாமியார் பேசின பேச்சு, எல்லாத்தையும் திட்டியிருக்கு. திட்டித் திட்டி ஓய்ஞ்சு, கடைசியில சோத்தைப் பிசைஞ்சு ஊட்டியும் விட்டிருக்கு. இவன் சொல்லும்போது அழுறான், சிரிக்கிறான். நான் மாங்காத் தட்டை அவன் பக்கம் தள்ளி விட்டேன்.

அப்புறம் என்ன, தினமும் தள்ளாட்டம்தான். தினமும் திட்டு. தெருவே கேக்கும். நான் ரீடிங் எடுக்கப் போற எடத்துல எல்லாம் 'உங்க சிநேகிதரை அந்தம்மா நேத்தும் கிழிச்சுட்டாங்க'ன்னு சொல்லுவாங்க. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன்.

ஆறே மாசத்துல டாக்டர் சொல்லிட்டாரு, ஈரல் சரியில்லை, இனிமே ஒரு சொட்டு தொட்டாலும் ஆள் இருக்கமாட்டான்னு. இவன் பயந்தது சாவுக்கு இல்லை தம்பி. குடிக்காம நேரா வீட்டுக்குப் போனா பிலோமி பழையபடி வாயை மூடிக்குமே, அதுக்குத்தான் பயந்தான். யோசிச்சான். மறுநாள்ல இருந்து சோடா. வழக்கம்போல ஆறு பத்துக்கு வருவான். குவாட்டரைச் சரிபாதியா ஊத்துவான். அவன் கிளாஸை என் பக்கம் நகத்திட்டு, வெறும் சோடாவைக் குடிச்சுக்கிட்டு மாங்காயைக் கடிப்பான். கிளம்பும்போது என் கிளாஸ்ல ரெண்டு விரலை நனைச்சு, சட்டைக் காலர்ல இப்படி, கழுத்துல இப்படித் தடவிக்குவான். தெருமுனை வரைக்கும் நேரா நடப்பான். முனை திரும்பினதும் இடது காலை லேசா இழுப்பான். தோளைத் தொங்கப் போடுவான். அவ்வளவுதான். ஆறு வருஷம் அப்படித்தான் வீட்டுக்குப் போனான்.

என்ன? அவன் பாதியை யாரு குடிச்சதா? நான்தான். வீணாக்கவா முடியும்? அது அவன் பாதி தம்பி, அவனுக்காகக் குடிச்சது. என் அளவு பாதிதான்.

ஆறு பத்து ஆயிடுச்சா? ஆயிடுச்சு. இல்லை, சும்மா கேட்டேன். வாசல்ல யாரோ வந்த மாதிரி இருந்துச்சு.

இந்த விஷயம் இந்த பார்ல வேற யாருக்கும் தெரியாது. பாவாடைக்குக் கூடத் தெரியாது. என்கிட்ட மட்டும்தான் சொன்னான். 'உன்னோட இருக்கட்டும்டா'ன்னான். என்னோடதான் இருந்துச்சு.

எழிலன்னு ஒருத்தரு மெட்ராஸ்ல இருந்து வந்தாரு. தாடி, கண்ணாடி, பாக்க அமைதியா இருப்பாரு. எட்டு மாசம் பக்கத்து டேபிள்ல ஒரு பீரை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. கதை எழுதுற ஆளுன்னு யாருக்குத் தெரியும்? இருதயராஜ் கிளம்பிப் போனதும் என் எதிர்ல வந்து உக்காருவாரு. நல்லா கேப்பாரு தம்பி. நீங்க கேக்குற மாதிரிதான், இடையில பேசமாட்டாரு. நம்ம பேச்சை ஒருத்தர் அப்படி உத்துக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு? என் வீட்டுல யாரு இருக்கா கேக்குறதுக்கு? ஒரு நாள் கேட்டாரு, 'ஐயா, உங்க நண்பர் இங்க இருந்து நேராத்தான் போறாரு, தெருமுனை திரும்பினதும் தள்ளாடுறாரே, ஏன்?' அவருதான் பாத்தாரு. பாத்தது அவரு. கவனிங்க. நான் அதுக்கு விளக்கம்தான் சொன்னேன். ஒருத்தர் மரியாதையா ஒண்ணு கேட்டா பதில் சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்க முடியுமா?

பையன் செத்ததையும் சொன்னேன். அதை அவரு சீரியல்ல வைக்கலை. சிரிப்புக்கு ஆகாதுன்னு விட்டுட்டாரு போல.

அடுத்த வருஷம் சீரியல் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. மூணாவது வாரம் சோடா சூசை வந்தான். சோடாவைக் குடிச்சுட்டு, காலர்ல பிராந்தியைத் தடவிக்கிட்டு, இடுப்பை ஒடிச்சு ஒடிச்சு ஒரு நடை. வீட்டுல பொண்டாட்டி விளக்கமாறோட நிப்பா. ஊரே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. நல்லாத்தான் நடிச்சிருந்தான். அந்த நடைக்கே சோடா நடைன்னு பேரு வச்சு, கல்யாண வீட்டுல, காலேஜ்ல, எங்க பாத்தாலும் அதை ஆடினாங்க. எந்த பாரு, எந்த ஊருன்னு ஜனங்க தேடிக் கண்டுபிடிச்சு வர ஆரம்பிச்சாங்க. கமலக்கண்ணனுக்குக் கொண்டாட்டம். 'சோடா சூசை எங்க'ன்னு வர்றவங்க கேக்க, முதலாளி இருதயராஜைக் கையைக் காட்ட, அவன் தோள்ல கையைப் போட்டு போட்டோ. அவன் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். 'வீட்டுல டி.வி. ரிப்பேர்டா, பிலோமி பாக்கலை'ன்னான். ரிப்பேர் இல்லைங்க, இவனே வயரைப் பிடுங்கி வச்சிருந்தான்.

ஆனா கோயில் திருவிழாவுல எந்த வயரைப் பிடுங்குறது? கலை நிகழ்ச்சி. மேடையில நம்ம தெருப் பிள்ளைங்க பத்துப் பேரு, ஆறு வயசு ஏழு வயசு, ஆளுக்கொரு சோடா பாட்டில். மைக்ல அந்த சீரியல் மியூசிக். எல்லாம் வரிசையா சோடா நடை நடக்குதுங்க. ஃபாதர் சிரிக்கிறாரு, கன்னியாஸ்திரிங்க சிரிக்கிறாங்க. மேடையில ஒரு பொண் குழந்தை புடவை கட்டிக்கிட்டு விளக்கமாறோட வந்து, பிலோமி திட்டுற அதே வார்த்தையைத் திட்டுது. 'பாழாப்போனவனே, உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்'னு. அது சீரியல்ல வர்ற வார்த்தை. அதுக்கு முன்னாடி அந்த வீட்டுல வந்த வார்த்தை. பொம்பளைங்க பக்கம் எல்லாரும் திரும்பி பிலோமியைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க.

அந்தம்மா எழுந்துச்சு. இந்தப் பக்கம் இவன் எழுந்தான். அந்தம்மா முன்னாடி போச்சு, இவன் பின்னாடி போனான். இருதயராஜ் அந்தத் தெருவுல அவ்வளவு நேரா நடந்து நான் பாத்ததே இல்லை.

மறுநாள் ஆறு பத்துக்கு வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. பத்து நாள் பொறுத்துப் பாத்துட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் உள்ள குளிச்சுக்கிட்டிருந்தான். பிலோமி காபி போட்டுக் குடுத்துச்சு. நான்தான் பக்குவமா எடுத்துச் சொன்னேன். 'தங்கச்சி, அவன் மேல கோவப்படாதேம்மா. அவன் உன்னை ஏமாத்தணும்னு செய்யலை. ஆறு வருஷமா அவன் குடிக்கவே இல்லை'ன்னேன்.

'எனக்கு முத நாளே தெரியும்ண்ணே'ன்னுச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'வாடை காலர்லதான் இருந்துச்சு. வாயில மாங்காய் வாடைதான். முப்பது வருஷம் கூட இருக்கேன், குடிச்சிருக்காரா இல்லையான்னு தெரியாதா? தெரிஞ்சுதான் திட்டினேன். திட்டாட்டி எனக்கும் நெஞ்சு வெடிச்சிருக்கும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியுமோ என்னமோ. நாங்க ரெண்டு பேரும் அதைக் கேட்டுக்கலை'ன்னுச்சு. அப்புறம் 'இப்ப நான் வாயைத் திறந்தா எதிர் வீட்டுல சிரிக்கிறாங்கண்ணே. இனிமே நான் எப்படித் திட்டுறது?'ன்னு கேட்டுச்சு.

இது ஒரு கேள்வியா தம்பி? திட்டணும்னா திட்டிட்டுப் போ, யாரு வேணாங்குறா? அதையேதான் நானும் சொன்னேன். அந்தம்மா டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு.

இருதயராஜ் தலையைத் துவட்டிக்கிட்டு வந்தான். 'வாடா பாருக்கு, கட்டிங்குக்கு ஆள் இல்லாம தெருவுல நிக்கிறேன்'னேன். 'வந்து?'ன்னான். 'வந்து உக்காருவோம்டா, எப்பவும் போல.' 'திரும்பி எப்படிடா வீட்டுக்குப் போறது, தணிகாசலம்? நேராவா?'ன்னான். அவ்வளவுதான். கோவமா சொல்லலை. யாரு அந்த எழுத்தாளன்கிட்ட சொன்னதுன்னு கூட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா எழிலனே பாத்துக் கண்டுபிடிச்சதுன்னு சொல்லியிருப்பேன். அவன் கேக்கவே இல்லை. வாழைப்பழத்துல ஒண்ணைப் பிச்சு என் கையில குடுத்து, சாப்புடுன்னான்.

அந்தக் கூட்டத்தைப் பாருங்க. நாலாம் நம்பர்ல உக்காந்து காலரைத் தடவிக்கிட்டு போட்டோ எடுக்குறாங்க. அந்த மஞ்சச் சட்டை, கையை இறக்குய்யா! அவன் நாற்காலிய்யா அது! என்ன பாவாடை, நான் சத்தம் போடலை. சரி, சரி. உக்காந்துட்டேன்.

தம்பி, அந்த போனைக் கொஞ்சம் கவுத்து வைங்க. இல்லை, ஆஃபே பண்ணிடுங்க. இது வரைக்கும் சொன்னது எல்லாரும் கேட்டதுதான், வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதான். இனிமே சொல்றது யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்களோட இருக்கட்டும்.

தினமும் ஏழு மணிக்கு இங்க இருந்து கிளம்பி அவன் தெரு வழியாத்தான் போறேன். எனக்கு அது வழி இல்லை, சுத்து. வாசல்ல நின்னு பாப்பேன். பழைய பழக்கம், கண்ணு மீட்டருக்குத்தான் போகும். ஒரு லைட்டு, ஒரு ஃபேன், அதுக்கு மேல ஓடாது. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க, ஒரு சத்தம் கிடையாது. பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் எப்பவாவது கேக்கும்.

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு சொட்டு குடிக்கலை. கட்டிங்குக்கு வந்த ஆளுக்கே முழுசையும் குடுத்துட்டேன். நான் வெறும் சோடா. கிளம்பும்போது அந்த ஆள் கிளாஸ்ல ரெண்டு விரலை நனைச்சு காலர்ல தடவிக்கிட்டேன். கழுத்துலயும் தடவிக்கிட்டேன். முனை வரைக்கும் நேரா போனேன். திரும்பினதும் இடது காலை இழுத்தேன். தோளைத் தொங்கப் போட்டேன். தெருவுல பிள்ளைங்க 'சோடா! சோடா!'ன்னு கத்திக்கிட்டு பின்னாடியே வந்துதுங்க. வரட்டும்னு போனேன். நேரா அவங்க வீட்டு வாசப்படியில போய் தடால்னு விழுந்தேன். கதவைத் தட்டினேன். 'பிலோமி! வெளிய வா! நான்தான் சொன்னேன்! எல்லாத்தையும் நான்தான் சொன்னேன்!'னு கத்தினேன். குடிகாரன் கத்தினா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கல்ல, அந்த தைரியம்.

கதவு திறந்துச்சு. பிலோமி நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி இருதயராஜ், மூக்குக் கண்ணாடியும் பேப்பருமா. அவன் என் காலைத்தான் பாத்தான். ஒரே ஒரு பார்வை. அவனுக்குத் தெரியாதா, எது பிராந்தி, எது சோடான்னு? அப்புறம் பேப்பரை மடிச்சு வச்சுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

நான் பிலோமி முகத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். இப்ப திட்டும், இப்ப திட்டும்னு. பாழாப்போனவனேன்னு ஒரு வார்த்தை. உனக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்னு ஒரு வார்த்தை. விளக்கமாறு கதவு மூலையிலதான் இருந்துச்சு தம்பி, எட்டுற தூரத்துல. அந்தம்மா உள்ள போய் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து என் கையில குடுத்துச்சு.

'பாத்துப் போங்கண்ணே, படி வழுக்கும்'னுச்சு. கதவைச் சத்தமில்லாம சாத்திக்கிச்சு.